பெரியப்பா விட்ட மீன்கள்

எங்கள் வீட்டுப் பரணில் பல ஆண்டுகள் ஒரு தூண்டில் கழி கிடந்தது. பழைய வேட்டியில் சுற்றி, இரண்டு முனையிலும் கட்டி, கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பக்கத்தில் படுக்க வைத்திருப்போம். எங்கள் வீட்டில் யாருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கி, அங்கேயே வெட்டித் தரச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுவந்து மசாலா தடவுவதோடு எங்கள் மீன் ஞானம் முடிந்துவிடும். அந்தத் தூண்டில் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுடையது. அவர் வீட்டில் அதை வைக்க இடம் தாராளமாக இருந்தது. அனுமதிதான் இல்லை.

பெரியப்பா என்றால் சொந்தம் கிடையாது. அப்பா அவரை அண்ணே என்பார், அதனால் எனக்குப் பெரியப்பா. அவர் மனைவி பெரியம்மா. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள், அவர்கள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள். அவர்கள் வீட்டு வாசலை முட்டைகூடத் தாண்டியதில்லை. பெரியப்பா நடத்தியதும் சைவ மெஸ்தான், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். மத்தியானம் அவருடைய கத்தரிக்காய்க் கூட்டுக்காகவே கோர்ட்டு குமாஸ்தாக்கள் எல்லாம் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வருவார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மீன் கிறுக்கு எப்படி வந்தது என்றால், இளவட்டமாக இருந்தபோது கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்திருக்கிறார். அங்கே தங்கிய யாரோ ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது இந்தக் கழியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று பிடித்தது. மாதத்தில் ஏதாவது ஒரு புதன்கிழமை மெஸ் வாசலில் விடுமுறைப் பலகை தொங்கும். பெரியப்பா முதல் பஸ்ஸைப் பிடித்து, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, கொடைக்கானலில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, மேல்மலையில் ஒரு ஏரிக்குப் போய்விடுவார். ஏரியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிற பெரியப்பா போனில் என்னைத் தொலைத்துவிடுவார்.

அந்த ஏரியில் ட்ரவுட் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் மட்டும் பிழைக்கிற மீன். உடம்பெல்லாம் கரும்புள்ளி, விலாவில் ரோஸ் பவுடர் பூசியது போல ஒரு கோடு. "நம்ம ஊரு வெயிலுக்கு அது செத்த நேரம் தாங்காது" என்று பெருமையாகச் சொல்வார், ஏதோ அவர் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. போனில் சால்மன் மீன் வீடியோ வேறு பார்ப்பார். அது அருவியை எதிர்த்துத் தாவுவதை மெஸ் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "ட்ரவுட்டுக்கு இது பங்காளி. ஆனா இதுக்குக் கடல் வேணும். திண்டுக்கல்காரனுக்கு அம்புட்டு யோகம் இல்ல" என்று சாம்பார் சாதம் சாப்பிடுகிறவர்களிடம் விளக்குவார். பாதிப்பேர் சுத்த சைவம். போனைப் பார்க்காமல் இலையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

பிடிப்பாரே தவிர, ஒன்றைக்கூடக் கொண்டுவந்ததில்லை. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்.

இது தெரியாமல் அப்பா ஒருமுறை அவரோடு மலை ஏறினார். அம்மா முந்தின நாளே மிளகாய், மிளகு, சோம்பு எல்லாம் வைத்து மசாலா அரைத்து, ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, எலுமிச்சம்பழமும் எண்ணெயும் தோசைக்கல்லும் கட்டிக் கொடுத்திருந்தாள். ஏரிக்கரையிலேயே சுட்டுத் தின்பதாகத் திட்டம். அப்பா கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, சுள்ளி பொறுக்கி, கல்லைக் காயப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெரியப்பா தூண்டிலைச் சுழற்றிச் சுழற்றி வீசியிருக்கிறார். ஒரு முழ நீளத்துக்கு ஒரு மீன் மாட்டியிருக்கிறது. தண்ணீரிலேயே வைத்து, நனைந்த கையால் பிடித்து, வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்து, அப்பாவிடம் காட்டியிருக்கிறார். அப்பா மசாலா டப்பாவைத் திறந்திருக்கிறார். பெரியப்பா கையைத் திறந்திருக்கிறார்.

"என்னண்ணே பண்ணீங்க?"

"விட்டுட்டேன்."

"எதுக்கு?"

"பிடிச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?"

அன்றைக்கு அப்பா தோசைக்கல்லில் மசாலாவை மட்டும் வதக்கி, கொடைக்கானலில் வாங்கிய பன்னில் வைத்துத் தின்றுவிட்டு வந்தார். இரண்டு நாள் பெரியப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேரம் ஆட வேண்டியிருந்ததால் ராசியாகிவிட்டார்.

கேரத்திலும் பெரியப்பா அப்படித்தான். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆடுவார்கள். அவருடைய காய் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கும், அதுவும் குழி வாயிலேயே உட்கார்ந்திருக்கும். அவர் எழுந்து வேட்டியை உதறுவார். "ஜெயிச்சாச்சுல்ல, போதும்." அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "போட்டு முடிச்சாத்தான்ணே ஜெயிப்பு. உக்காருங்க." உட்கார மாட்டார். அப்பா தனியாக உட்கார்ந்து அந்தக் காயை அவரே போட்டுத் தோற்றுக்கொள்வார்.

எலிக் கதையைச் சொல்லாவிட்டால் பெரியப்பாவைச் சொன்னதாக ஆகாது. மெஸ் சரக்கு அறையில் ஒரு பெருச்சாளி அரிசி மூட்டையைக் குதறிக்கொண்டிருந்தது. பொறி வைத்தார். மசால்வடைக்கு ஆசைப்பட்டு விழுந்தது. கொல்ல மனசு வருமா? பொறியோடு மொபெட்டில் வைத்து மலைக்கோட்டை அடிவாரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே குழாயடியில் நின்ற பொம்பளைகள் பிடித்துக்கொண்டார்கள். "ஏய்யா, ஒங்க எலிய எங்க தெருவுலதான் விடணுமா?" அங்கிருந்து வடமதுரை ரோட்டில் ஒரு காட்டுப் பக்கம் போனார். அங்கே கடலை விதைத்திருந்த சம்சாரி குச்சியோடு ஓடி வந்தார். கடைசியில் பொழுது சாய, அதே எலியைத் திருப்பிக் கொண்டுவந்து மெஸ்ஸுக்குப் பின்னாலேயே விட்டார்.

"ஊரு ஒலகத்துல ஒருத்தரும் ஏத்துக்கலத்தா. சரி, நம்ம எலிதானே" என்றார் என்னிடம். சரக்கு அறைக்கு மறுநாளே தகரக் கதவு போட்டார்கள். பெரியம்மா சொல்லித்தான்.

ஏரிக்குப் போய் வருகிற அன்றைக்கு அவர் நேராகத் தன் வீட்டுக்குப் போக முடியாது. முதலில் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். தூண்டிலைப் பரணில் ஏற்ற வேண்டும். எங்கள் கொல்லைக் குழாயில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். பெரியம்மா அவர்கள் மொட்டை மாடியில் நின்று மேற்பார்வை பார்ப்பாள். "கையை இன்னொருக்கா தேயுங்க. நகத்துக்குள்ள, நகத்துக்குள்ள." அவர் மறுபடி தேய்ப்பார். அதற்குப் பிறகுதான் மாற்று வேட்டி காம்பவுண்டுச் சுவர் தாண்டி வரும். பெரியம்மா கெட்டவள் இல்லை. தினமும் தன் கையால் சாமிக்குச் சமைக்கிறவள், அவளுக்கு மீன் வாடை ஆகாது. அவ்வளவுதான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் நட்சத்திரம் கட்டுகிற மூங்கில் ஒடிந்துபோய்விட்டது. அப்பா பரணில் கையை விட்டுத் துழாவி, கைக்கு வந்த கழியை எடுத்து மொட்டை மாடியில் நட்டு, அதன் நுனியில் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டுவிட்டார். கழி வளைந்து, காகித நட்சத்திரம் தெருவுக்கு மேலே ஆடியது. மறுநாள் காலையில் பெரியப்பா மாடிக்கு ஓடி வந்தார். அப்பாவுக்கு முகம் வெளுத்துப்போனது. பெரியப்பா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"இம்புட்டுப் பெருசு என் தூண்டில்ல இதுவரைக்கும் மாட்டுனதே இல்லப்பா" என்றார். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் அதை இறக்க விடவில்லை.

அம்மாவுக்கும் அவருக்கும் வேறு ஒரு வியாபாரம் இருந்தது. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள், எம்பிராய்டரி போடுவாள். பெரியப்பா உயிர்ப்புழுவைக் கோத்து மீன் பிடிக்க மாட்டார். ஒரு உசுரைக் குத்தி இன்னொரு உசுரைப் பிடிப்பதா என்பார். அதனால் பொய்ப்பூச்சி கட்டுவார். சின்ன முள்ளில் மயிலிறகு இழையைச் சுற்றி, பட்டு நூலால் இறுக்கி, பூச்சி மாதிரியே செய்துவிடுவார். மயிலிறகு பழனியிலிருந்து வரும், நூல் அம்மாவிடமிருந்து. முள்ளில் மீன் நழுவாமல் இருக்க ஒரு குட்டிக் கொக்கி இருக்குமே, அதையும் அரத்தால் தேய்த்து எடுத்துவிடுவார். விடும்போது மீனுக்கு வலிக்கக் கூடாதாம்.

"தங்கச்சி, அந்தக் கத்திரிப்பூக் கலர் மிச்சம் இருக்கா?" என்று வாசலில் வந்து நிற்பார்.

"கல்யாண ரவிக்கைக்கு வச்சிருக்கேன்ணே."

"ஒரு முழம் போதும்."

அம்மா கொடுப்பாள். கொடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான். "எத்தனை வருசமா நூல் குடுக்குறேன். ஒரு நாளாச்சும் ஒரு மீனைக் கண்ணுல காட்டுனீங்களா?" அவர் உடனே போனை எடுத்துப் படம் காட்டுவார். தண்ணீருக்குள் அவர் கை, கைக்குள் மீன். "போட்டோவ வச்சுக் கொழம்பு வைக்கவாண்ணே?" என்பாள் அம்மா. இந்தப் பேச்சு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பழகிப்போய்விட்டது, யாரும் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்வதில்லை.

பிறகு அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்து, அதற்குப் பின்னால் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். ஆபரேஷனைக்கூடத் தாங்கிவிட்டாள். மருந்து அவள் நாக்கைக் கொன்றுவிட்டது. எதை வாயில் வைத்தாலும் மண்ணு மாதிரி இருக்கு என்பாள். இட்லியும் மண், கஞ்சியும் மண், மாம்பழமும் மண். உப்பு கூடவா குறையவா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். யாருடைய சமையலிலும் குற்றம் கண்டுபிடிக்கிற அம்மா, வைத்ததை இரண்டு வாய் விழுங்கிவிட்டுத் தட்டை நகர்த்துவாள். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. எடை குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டு உடம்பு தேறாவிட்டால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, தள்ளிப்போனால் இதுவரை ஏற்றியதும் வீண் என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

பெரியப்பாவுக்கு இது பெரிய அடி. ஊருக்கே சோறு போடுகிறவர், சுவர் ஒட்டிய வீட்டில் ஒருத்திக்கு ஒரு கவளம் இறக்க முடியவில்லை. தினமும் மெஸ்ஸிலிருந்து ஏதாவது வரும். மிளகு ரசம், பிரண்டைத் துவையல், சுண்டவத்தல் குழம்பு, புளிப்பு வெஞ்சனமாகப் பார்த்துப் பார்த்து. எல்லாம் திரும்பிப் போகும். ஒருநாள் அவர் அம்மா கட்டிலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, என்னதான் வேணும்? எதுன்னாலும் சொல்லு. நான் கொண்டாரேன்."

"ஒண்ணும் வேணாம்ணே."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டே லேசாகச் சிரித்தாள். அவரை எழுப்பி அனுப்பினால் போதும் என்றுதான் சொன்னாள், எனக்குத் தெரியும். "உங்க ட்ரவுட்டத்தான் நீங்க கடைசி வரைக்கும் கண்ணுல காட்டல. அதக் கொண்டாங்க, திங்கிறேன்."

பெரியப்பா எழுந்தார். முக்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியுமுன் பரணிலிருந்து கழியை இறக்க வந்தார். புதன்கிழமைகூட இல்லை. அவருக்குப் பின்னாலேயே பெரியம்மா வந்தாள். கையில் மெஸ்ஸில் தயிர் வைக்கிற ஐஸ் பெட்டி. அதை என்னிடம் நீட்டினாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க, திருப்பித் தர வேணாம். நீயும் கூடப் போத்தா. இவரத் தனியா விட்டா ஆகாது. கையில கெடச்சதும் மனசு எளகி விட்டுட்டு வந்துருவாரு." பிறகு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள். "வெறுங்கையோட வந்தீகன்னா இந்த வீட்டுக் குழாயிலதான் நிக்கணும். நான் வேட்டி போட மாட்டேன்."

நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பஸ்ஸில் பெரியப்பா சன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சால்மனைப் பற்றிக்கூட.

ஏரியில் பனி இன்னும் விலகவில்லை. அக்கரை யூக்கலிப்டஸ் மரங்கள் பாதிதான் தெரிந்தன. பல்லெல்லாம் கிட்டுகிற குளிர். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அவர் தூண்டில் வீசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெஸ்ஸில் தொப்பையைத் தூக்க முடியாமல் நடக்கிற மனிதர் அங்கே வேறு ஆளாக இருந்தார். நூல் தலைக்கு மேலே போய், பின்னால் நீண்டு, திரும்பி வந்து தண்ணீரில் சத்தமில்லாமல் படிந்தது. அதன் நுனியில் அம்மாவின் கத்திரிப்பூ நூல்.

கொஞ்ச நேரத்தில் கழி வளைந்தது. நான் பெட்டியைத் திறந்துகொண்டு ஓடினேன். அவர் நூலை விட்டு, இழுத்து, விட்டு, மீனைப் பக்கத்தில் கொண்டுவந்தார். குனிந்து, நனைந்த கையால் ஏந்தி, முள்ளை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், கை தானாகத் திறந்தது. மீன் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போயேபோய்விட்டது.

"பெரியப்பா" என்று கத்திவிட்டேன்.

அவர் வெறும் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள்ளேயே ஓரடி எடுத்து வைத்தார், மீனைத் துரத்திப் பிடித்துவிடலாம் என்பதுபோல.

"கை பழகிருச்சுத்தா" என்றார். "மனசாரச் செய்யல. கைதான்..."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. பெரியம்மா ஏன் என்னை அனுப்பினாள் என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கரைக்கு வந்து பையைத் துழாவி, கொக்கியைத் தேய்க்காத முள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அவரே உட்கார்ந்து தேய்த்துத் தீர்த்திருந்தார்.

அதற்குப் பிறகு மீன் வரவே இல்லை. வெயில் ஏறியது, பனி கலைந்தது, மறுபடி மேகம் இறங்கியது. இடையில் ஒன்று கடித்து, கொக்கி இல்லாத முள்ளை உதறிவிட்டுப் போனது. நாங்கள் கொண்டுவந்த புளியோதரை அப்படியே இருந்தது. கொடைக்கானலுக்குத் திரும்புகிற பஸ் மத்தியானத்தில் ஒன்றுதான், அதை விட்டால் அன்றைக்கு ஊர் போய்ச் சேர முடியாது. பெரியப்பா உதடு அசைய முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன் பிடிக்க உதவச் சொல்லி முருகனிடம் கேட்பது முறையா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். "மாதாகிட்ட நீயும் சொல்லிவையி" என்றார். நானும் ஒரு அருள் நிறைந்த மரியே மந்திரம் சொன்னேன்.

பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் மாட்டியது. முதல் மீனைவிடப் பெரியது. அவர் இந்தத் தடவை அதைக் கைக்கு எடுக்கவே இல்லை. துண்டைத் தண்ணீரில் விரித்து, மீனோடு சுருட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினார். துண்டுக்குள் அது துள்ளுவது எனக்குத் தெரிந்தது. நான் மீன் தின்றே வளர்ந்தவள். உயிரோடு ஒன்றைக் கொன்றதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ அங்கிட்டுத் திரும்பிக்க ஆத்தா" என்றார். பையிலிருந்து மெஸ்ஸில் பருப்பு கடைகிற பழைய மத்தை எடுத்தார். அதை எப்போது எடுத்து வைத்தாரோ. நான் திரும்பிக்கொண்டேன். "கோவிச்சுக்காத. எங்க தங்கச்சி ஒண்ணும் திங்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னது கேட்டது. பிறகு ஒரு சத்தம்.

நான் திரும்பியபோது மீன் பெட்டியில் ஐஸுக்கு நடுவே இருந்தது. அவர் ஏரியில் கை கழுவிக்கொண்டிருந்தார். பெரியம்மா மேலே நின்று சொல்லவில்லை, இருந்தும் நகத்துக்குள் எல்லாம் தேய்த்தார். அந்த மத்து மெஸ்ஸுக்குத் திரும்பி வரவில்லை.

மலை இறங்குகிற வரைக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தார். வத்தலக்குண்டு வந்ததும் இறங்கி டீ குடித்தோம். வெக்கை முகத்தில் அடித்தது. பாதி டீயில் அவர் நிமிர்ந்து, "தங்கச்சிக்குக் கொழம்புல மாங்கா போட்டாப் பிடிக்குமா?" என்று கேட்டார். சமையல் பேச்சு வந்துவிட்டது, இனி பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலிலேயே மாங்காய் வாங்கினோம்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்திருந்தார்கள். மீனைக் கழுவி, மாங்காய் போட்டு நான்தான் குழம்பு வைத்தேன். பெரியப்பா கொல்லைக் குழாயடியில் நின்றார். உள்ளே வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. சமையலறை சன்னல் வழியாக, "இன்னும் செத்த நேரம் கொதிக்கட்டும், மாங்கா வேகணும்" என்று வாழ்நாளில் தின்னாத குழம்புக்கு யோசனை சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவும் வந்துவிட்டாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, படுக்கையறை சன்னலுக்கு வெளியே நின்றாள். எங்கள் குழம்பு கொதிக்கிற வாடைக்கு அவள் இவ்வளவு பக்கத்தில் வந்ததே இல்லை.

அப்பா அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்தார். நான் முள் பார்த்து, சோற்றில் பிசைந்து ஊட்டினேன். அம்மா மென்றாள். இன்னொரு வாய். மூன்றாவது வாயில் நிறுத்தினாள். எனக்கு உயிரே போய்விட்டது, தட்டைத் தள்ளப்போகிறாள் என்று.

"என்னடி இது" என்றாள் அம்மா. "சப்புன்னு இருக்கு."

மறுபடி ஒருமுறை சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

"புளி பத்தல. மாங்காயப் போட்டா புளி வேணாம்னு ஒனக்கு யாரு சொன்னா? மீனும் ஒண்ணும் பெருசா இல்ல. ஆத்தூர் டேம் கெண்டை இதுக்கு எம்புட்டோ மேல். இதுக்கா அண்ணே இத்தனை வருசமா என் பட்டு நூலக் கொண்டுபோயி மலையில தொலைச்சாரு?"

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். இத்தனை நாளாக எல்லாமே மண்ணாக இருந்தவளுக்குப் புளி போதவில்லை என்று தெரிகிறது. "வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நிக்காம ஊட்டு. சோறு ஆறுது" என்று அம்மா அதட்டினாள். நான் ஊட்டினேன். திட்டிக்கொண்டே தின்றாள். உப்பைத் திட்டினாள், எண்ணெயைத் திட்டினாள், முள்ளைத் திட்டினாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

சன்னலுக்கு வெளியே பெரியம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா பின்வாசலில் தலையை நீட்டினார்.

"நல்லாயில்லையா தங்கச்சி?"

"நல்லாவே இல்லண்ணே. கோவிச்சுக்காதீக."

"அப்ப இனிமே வேணாமுல்ல?"

"வேணவே வேணாம். நாளைக்கு இவரை ஆத்தூர்ப் பக்கம் போயி நல்ல மீனா வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் குளித்து நான் பார்த்ததில்லை. குழாயைத் திறந்துவிட்டு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பெரியம்மா சுவர் தாண்டி வேட்டி போட்டாள். போட்டுவிட்டு, "அந்தக் கழியையும் எடுத்தாங்க. நம்ம வீட்டுலயே கெடக்கட்டும், அவுக பரணுல எடம் இல்ல" என்றாள். எங்கள் பரணில் எவ்வளவு இடம் இருந்தது என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அப்பா ஆத்தூர் மீன் வாங்கி வந்தார். அம்மா அதையும் குறை சொன்னாள், தின்றாள். அடுத்த மருந்து தள்ளிப்போகாமல் ஏறியது. தேறி எழுந்து மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்த வாரம், பெரியப்பா வாசலில் வந்து நின்றார். அம்மா அவர் வாயைத் திறக்குமுன்பே கத்திரிப்பூ நூலை எடுத்து நீட்டினாள், ஒரு முழம் இல்லை, முழு உருண்டை.

அந்தப் புதன்கிழமை அப்பாவும் கூடப் போனார், மசாலா டப்பா இல்லாமல். சாயங்காலம் திரும்பி வந்து அவர்தான் சொன்னார். முதல் வீச்சிலேயே ஒன்று மாட்டியதாம். பெரியப்பா அதைத் தண்ணீருக்குள் ஏந்திக்கொண்டு, முள்ளை எடுத்துவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாராம். பிறகு அதனிடம் குனிந்து, "போ, போ. ஒன்னைய எங்க ஊர்ல வேணாம்னுட்டாக" என்று சொல்லிக் கையைத் திறந்தாராம்.